உருண்டை முதலில் வீடு போனது

"அது உங்க அப்பாவைத் தொட்டுச்சா, தொடலையா?"

வக்கீல் கலோகி என்னிடம் முதன்முதலில் கேட்டது இதுதான். எங்கள் முற்றத்தில், தேவாலயத்திலிருந்து இரவல் வாங்கிய நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கையிலிருந்த பால் தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

எனக்குச் சட்டென்று பேச்சு வராது. பள்ளியிலேயே அப்படித்தான். ஃபார்ம் டூ வகுப்போடு நின்றபிறகு இன்னும் குறைந்துவிட்டது. எனக்காகச் சித்தப்பா மசீலா பேசினார்.

"தொட்டிருக்கும் வக்கீலய்யா. தொடாம ஒரு ஆம்பளை எப்படிச் சாவான்?"

"தொட்டிருக்கும்னு சொல்றதெல்லாம் கோர்ட்ல நிக்காது. நேர்ல பார்த்தது இவ ஒருத்திதான்."

"இவ கோழி மாதிரி. துரத்தினா பிடிக்க முடியாது. தானா கூட்டுக்கு வரட்டும், நான் கேட்டுச் சொல்றேன்."

சித்தப்பா அன்றும் கேட்டார், பிறகும் கேட்டார். நான் எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவேன்.

துவரை முற்றியிருந்த மாதம் அது. அப்பா இறந்த அன்று மத்தியானம் வானத்தில் ஒரு லாரி கவிழ்ந்ததுபோல் சத்தம் கேட்டது. பிறகு சீறிக்கொண்டு ஏதோ வந்து எங்கள் கீழ்வயலில் விழுந்து, செடிகளைச் சாய்த்துக்கொண்டு உருண்டு, வரப்பில் முட்டி நின்றது. பெரிய சுரைக்குடுவை அளவில் ஓர் உலோக உருண்டை. கறுத்திருந்தது. மேலே கருகிய நார் சுற்றியிருந்தது. ஏதோ ஒரு கம்பெனி செயற்கைக்கோளை மேலே அனுப்பிய ராக்கெட்டில் காற்று அடைத்து வைக்கும் பாத்திரமாம். அதெல்லாம் பின்னால் தெரிந்தது.

அப்பா மேல்வயலில் வரப்பு கட்டிக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று கித்துய் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டு, உடலை அங்கேயே பிணவறையில் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அடுத்தவர் மாடு வந்து பயிரை மேய்ந்தால் அதை யாரும் அடிக்க மாட்டார்கள். பிடித்துக் கட்டிப்போடுவோம். மாட்டுக்காரர் தேடிக்கொண்டு வருவார். நஷ்டத்தைப் பேசித் தீர்த்துவிட்டு அவிழ்த்துப் போவார். அதனால் உருண்டை ஆறியதும் சித்தப்பா அதைக் கற்றாழைநார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மறுமுனையை மாமரத்தில் முடிச்சுப் போட்டார். பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சரியென்று எல்லோருக்கும் பட்டது.

நைரோபியிலிருந்து அதிகாரிகள் கையுறை போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் வட்டார நிர்வாகத்தைப் பார்க்கும் சீஃப் முன்னால் நடந்தார்.

"என் ஆபீஸ்ல கல்யாணத்துக்கு முத்திரை இருக்கு, சாவுக்கு இருக்கு, ஆடு திருட்டுக்கும் இருக்கு. வானத்துலேருந்து விழுந்ததுக்கு இல்லை" என்றார் சீஃப். "அதான் இவங்களைக் கூப்பிட்டேன்."

"கயித்தை அவுத்துடுங்க" என்றார் ஓர் அதிகாரி.

"உடையவன் வரட்டும், அவுக்கறேன்" என்றார் சித்தப்பா.

"இங்க பாருங்க பெரியவரே, மேல போனாலும் கீழ விழுந்தாலும் இது அனுப்பினவங்களுக்குத்தான் சொந்தம். பத்திரமாத் திருப்பிக் கொடுக்கணும்னு நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு."

"நான் குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? நஷ்டத்தைப் பேசிட்டுக் குடுக்கறேன். எங்க அண்ணன் செத்துட்டான்."

"அதை நீங்க பேச முடியாது. நம்ம நாடுதான் அவங்க நாட்டோட பேசணும்."

"நம்ம நாட்டுக்கு எங்க அண்ணனைத் தெரியுமா?"

அதிகாரி பின்னால் திரும்பிக் கை காட்டினார். இன்னொருவர் கத்தியால் கயிற்றை அறுத்தார். உருண்டையைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள். மாமரத்தில் பாதிக் கயிறு தொங்கியது. அதை இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை.

வக்கீல் கலோகி வந்தது அதற்கப்புறம். கித்துய் நகரத்தில் நிலத் தகராறு வழக்குகள் பார்க்கிறவர், அம்மாவின் ஊர்க்காரர். நல்ல மனிதர். எங்களிடம் எதுவும் வாங்கவில்லை.

"ராக்கெட் செஞ்ச கம்பெனி ஒரு நாடு. அது கிளம்பின இடம் வேற நாடு. செயற்கைக்கோள் மூணாவது நாட்டுக்காரனோடது" என்று விரல் மடக்கினார். "ஒருத்தன் இன்னொருத்தனைக் கை காட்டுவான்."

"மாட்டை ஒருத்தன் வாங்கினான், ஒருத்தன் ஓட்டிட்டு வந்தான், ஒருத்தன் பால் கறக்கறான்" என்றார் சித்தப்பா. "என் வயலை மேஞ்சது மாடுதானே? மூணு பேரும் வரட்டும்."

"சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லுது. மூணு நாடும் பொறுப்பு. யார் மேல தப்புன்னு நாம காட்டவே வேண்டாம். ஆனா அந்தப் பொருள் உண்டாக்கின சேதமா இருக்கணும். தொடாமலே ஒருத்தர் செத்தா அதுல சேருமா? உலகத்துல இன்னும் எந்தக் கோர்ட்டும் இதுக்குத் தீர்ப்புச் சொன்னதில்லை. நாமதான் முதல்ல."

அவர் முகம் மலர்ந்திருந்தது. அம்மா சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடக்கம் எப்போ?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். எதிர்த்தரப்பு மருத்துவர் உடலைப் பார்க்கவேண்டும். அதுவரை அடக்கம் செய்யக்கூடாதென்று நீதிமன்றத்தில் தடை வாங்கியிருந்தார். இல்லாவிட்டால் ஆதாரத்தை நாங்களே புதைத்துவிட்டதாகச் சொல்வார்களாம்.

குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால், தாத்தாவுக்குப் பக்கத்தில். அதன்மேல் தகரம் போட்டு, தகரத்தின்மேல் கல் வைத்தோம்.

மருத்துவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கலோகி ஒருநாள் விளக்கினார். மருத்துவரை அனுப்பினால் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்று கம்பெனி பயப்படுகிறதாம். அவர்கள் அனுப்பும்வரை எங்களால் புதைக்க முடியாது. நாங்கள் புதைக்கும்வரை அவர்கள் காத்திருப்பார்கள்.

முதலில் மாலைதோறும் அக்கம்பக்கத்தார் ஜெபத்துக்கு வந்தார்கள். பாடினார்கள், தேநீர் குடித்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்தார்கள். பிறகு வேறொரு வீட்டில் சாவு விழுந்தது, தேவாலயத்திலிருந்து வந்து நாற்காலிகளைக் கேட்டு வாங்கிப்போனார்கள். மழை பிடித்தது. குழியின் ஒரு பக்கம் சரிந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று தகரத்துக்கடியில் நுழைந்து உள்ளே விழுந்தது. நான் இறங்கி அதைத் தூக்கி வெளியே விட்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கொஞ்சநேரம் நின்றுவிட்டு ஏறினேன்.

அம்மாவிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதில் அப்பாவுக்கு உடுத்த வைத்திருந்த சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளைச் சட்டை, காலுறை. ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, மடித்து, எடுத்துக்கொண்டு கித்துய் போவாள். அன்றே உடலைக் கொடுத்துவிட்டால் கையில் துணி இருக்கவேண்டுமே. கொடுக்க மாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவாள். சட்டைக் காலர் மடிப்பில் பழுப்பேறத் தொடங்கியது.

ஒருநாள் கலோகி செய்தி கொண்டுவந்தார். உருண்டையை விமானத்தில் ஏற்றி அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"அது வீட்டுக்குப் போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஆனா போட்டோ, அளவு எல்லாம் நம்மகிட்ட இருக்கு. கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. இந்தக் கேள்விக்குப் பதில் வந்துட்டா, நாளைக்கு வேற எங்க விழுந்தாலும்..."

"கேள்வியை எழுதி வெச்சுக்கோங்க. ஆளைக் குடுங்க."

கலோகி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மாமரத்துக் கயிறு நினைவு வந்தது. சித்தப்பா உருண்டையைக் கட்டினார். இவர் அப்பாவைக் கட்டியிருக்கிறார். மாட்டுக்காரர்தான் வரவில்லை.

கடைசியில் கம்பெனியின் சார்பாக நைரோபியிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். வகேஷோ என்று பெயர். சாட்சியின் வாயால் கேட்டுக்கொண்டு போக மட்டும் வந்திருப்பதாகச் சொன்னார். சீஃப் அலுவலகத்தில் கூடினோம். வக்கீலம்மா உள்ளே கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியே சித்தப்பா என்னை ஓரமாக இழுத்தார்.

"கவாதா, சூடான காத்து அப்பா மேல பட்டுச்சுன்னு சொல்லு. போதும். காத்தை யாரு போய் விசாரிக்கப் போறா?"

நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.

"உனக்காகத்தான்டி சொல்றேன். திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? இப்படியே ஆட்டோட பேசிட்டுத் திரியப் போறியா?"

"நான் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றார் அருகில் நின்ற கலோகி. "ஆனா தெரிஞ்சுக்கோ. நீ தொடலைன்னு சொன்னா, அரசாங்கம் இந்தக் கோரிக்கையைத் தூக்கிட்டுப் போகாது. தடையை நாளைக்கே நான் வாபஸ் வாங்கணும். கேஸ் அவ்வளவுதான்."

"பட்டுச்சுன்னு சொன்னா?" என்று கேட்டது அம்மா.

"அவங்க டாக்டர் வந்தாகணும். இன்னும் சில மாசம். ஒரு வருஷம்கூட ஆகலாம்."

அம்மா துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அன்று மட்டுமில்லை, எத்தனையோ மாதங்களாக இதைப்பற்றி அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

உள்ளே தகரக்கூரை சூடாகிப் படபடத்தது. வகேஷோ அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"பயப்படாதே கண்ணு. பார்த்ததை மட்டும் சொல்லு. அந்தப் பொருளோ, அதுலேருந்து உடைஞ்ச துண்டோ, நெருப்போ, சூடோ, எதாவது உங்க அப்பாவைத் தொட்டுச்சா?"

சித்தப்பா இருமினார். சீஃப் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"தொடல" என்றேன்.

"அவரு எங்க நின்னாரு?"

"மேல்வயல்ல."

"அது?"

"கீழ்வயல்ல விழுந்துச்சு. நான் அங்கதான் துவரை பறிச்சுட்டு இருந்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டதற்கு அவ்வளவுதான் பதில். ஆனால் வாய் திறந்திருந்தது, மீதியும் வந்துவிட்டது.

"சத்தம் கேட்டதும் நான் அப்படியே நின்னுட்டேன். அது என் பக்கமா வர்றதை அப்பா மேலேருந்து பார்த்துட்டாரு. படு, படுன்னு கத்திட்டே ஓடி வந்தாரு. வரப்பெல்லாம் தாண்டித் தாண்டி வந்தாரு. அது எனக்கு அந்தாண்ட விழுந்துச்சு. விழுந்தப்புறமும் அவரு நிக்கல. என்கிட்ட வந்து, என் தலையைத் தொட்டுப் பார்த்தாரு, கையைப் பார்த்தாரு. அப்புறம் உட்கார்ந்தாரு. தண்ணி கொண்டுவந்தேன். குடிக்கல."

வகேஷோ அம்மா எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்தார்.

"அப்போ ஓடினதாலன்னு எடுத்துக்கலாம்" என்றார் கலோகியைப் பார்த்து, மெதுவாக. "மன்னிக்கணும்."

"அந்தப் பொருள் வரலைன்னா அவர் ஏன் ஓடறார்?" என்றார் கலோகி. குரலில் பலமில்லை. "இதை வாதாடலாம்."

"வாதாடலாம். நம்ம அரசாங்கம் வாதாடுமா?"

கலோகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலையில தடையை வாபஸ் வாங்கறேன்" என்றார்.

"போச்சு" என்றார் சித்தப்பா. "எல்லாம் போச்சு. எதாவது தொட்டுச்சுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லடி?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா எதற்காக ஓடினார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையை, பிறகு கையை. பிறகு மடியிலிருந்த பையைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்தாள். சட்டைக் காலரை விரலால் நீவி மூடினாள்.

எழுந்தாள். சீஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் தாண்டி, கலோகியைத் தாண்டி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். கித்துய் போகும் மட்டாட்டு வேன் புளியமரத்தடியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்தாள்.