கதவு இருந்த இடத்தில் சுவர்

பழைய சபைக்கும் தொடக்கப்பள்ளிக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது. பள்ளியில் கக்கூஸ் கிடையாது. பிள்ளைகள் அந்த வழியாக ஓடிவந்துதான் சபையின் கக்கூசுக்குப் போவார்கள். போன வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை, பிரிந்துபோன புதுச் சபையின் போதகரைப் பள்ளிக்கு அழைத்து ஜெபம் பண்ண வைத்துவிட்டார். பழைய சபைப் போதகருக்கு உச்சி கொதித்தது. கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இன்னிக்கே அடைச்சிரு" என்று கொத்தனாரிடம் சொன்னார்.

கொத்தனாருக்கு மனசே இல்லை. மாட்டேன் என்றால் சபையின் மணிக்கூண்டு வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மழைக்காலத்தை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

செங்கல் இடுப்பளவு வந்தபோது அந்தப் பக்கம் அவன் மனைவி வந்து நின்றாள். பள்ளியில் ஆயா, புதுச் சபைக்காரி.

"ஏய்யா, சுவரு மட்டும் நேரா வருது. புத்திதான் கோணலாப் போச்சு."

"போடி அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கந்தான்யா நிக்கிறேன். என்னையும் உன் மகளையும் சேத்து வெளிய வச்சுத்தானே கட்டுற?"

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் சுவரில் வந்து முட்டினார்கள். இரண்டாம் வகுப்பு மகள் காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். "அப்பா, அவசரம்!"

தூக்கி இந்தப் பக்கம் இறக்கிவிட்டான். உடனே எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டினார்கள். போதகர் வேகமாக வந்தார்.

"நம்ம சபைப் பிள்ளைங்கள மட்டும் தூக்கு. மத்ததுங்க அவங்க போதகர் வீட்டுக்குப் போகட்டும்."

"சின்னதுங்கய்யா. மூஞ்சியப் பாத்து எப்படிக் கண்டுபிடிக்க?"

"கேளு. வாய் இருக்குல்ல?"

கொத்தனார் குனிந்து ஒரு வாண்டிடம், "நீ எந்தச் சபைடா?" என்று கேட்டான். வாண்டு திருதிருவென்று விழித்தது. என்ன சொன்னால் தூக்குவார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. கால்சட்டை நனைந்து, காலோடு வழிந்தது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். வாண்டு அழாமல் அவனையே பார்த்தது.

கொத்தனார் ஈரம் காயாத மேல்வரிசைகளை எட்டி உதைத்தான். செங்கல் சரிந்தது. பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

"இனி மணிக்கூண்டுப் பக்கம் தலைவச்சுப் படுத்திராத!" என்று கத்தினார் போதகர்.

"படுக்கலைய்யா" என்றான் கொத்தனார்.

மனைவி அந்த வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "பிள்ளைய நனைய வச்சுட்டு அப்புறம் வீரமாக்கும்! மிச்சத்த யாரு, உங்க தாத்தாவா வந்து இடிப்பாரு?"

அவன் கரண்டி நுனியை அடிவரிசைக்குள் செருகி நெம்பினான். காலையில் முதலில் வைத்த வரிசை, அதற்குள் இறுகிப்போயிருந்தது.