பெரிய நாயின் தீனி

குட்டிக்கு அந்தத் தீனியைப் போட்டது நான்தான். டாக்டர் கேட்டபோது வேறு சொன்னேன்.

என் மகள் ஹரிணி அடம்பிடித்துப் பேரிகை கிராமத்திலிருந்து தூக்கி வந்த நாய்க்குட்டி அது. பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. என் பெண்டாட்டி கெம்பம்மா கேழ்வரகுக் களியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள். குட்டி நன்றாகத்தான் இருந்தது.

ஓசூரில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் மணல் அள்ளும் கான்ட்ராக்ட் ஆள் நான். மேனேஜர் புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது சாமான் ஏற்றப் போனேன். அவருடைய பெரிய நாய் தின்ற தீனி பாதி மூட்டை மிச்சம் கிடந்தது. "எடுத்துக்கோ ஆஞ்சப்பா" என்றார்.

எங்கள் வரிசை வீட்டு வாசலில் எல்லாரும் பார்க்க இறக்கினேன்.

"இனிமே களி கிளியெல்லாம் கெடையாது. மேனேஜர் வீட்டுத் தீனி இது."

பக்கத்து வீட்டு நாராயணம்மா குழாயடியிலிருந்து சிரித்தாள். "நீயும் ரெண்டு வாயில போட்டுக்கோ ஆஞ்சப்பா, ஆபீசராயிடுவ."

கெம்பம்மா மட்டும் கிட்டே வந்தாள். "என்னாங்க, ஒரேடியா மாத்தாதீங்க. கன்னுக்குட்டிக்குத் தவுடு பழக்குனாக்கூட கொஞ்சங் கொஞ்சமாத்தான கலப்போம்."

"உனக்கு இன்னா தெரியும்? கன்னுக்குட்டியும் நாயும் ஒண்ணா?"

மூட்டையில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. ஆறாவது படிக்கிற ஹரிணி படித்துச் சொல்லியிருப்பாள். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்றாகிவிடும். தீனியை டிரம்மில் கொட்டிவிட்டு, பையை மடித்துச் சிலாப் மேல் போட்டேன்.

கிண்ணம் நிறைய வைத்தேன். மறுநாள் வாந்தி. மூன்றாம் நாள் தண்ணீராகப் போயிற்று. குட்டி எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கி விழுந்தது.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்குப் பின்னால் எங்கள் சூப்பர்வைசர் ஹரீஷ்குமார், சடைநாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் குட்டியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"என்ன போடறீங்க?"

"கடைத் தீனி சார். மேனேஜர் வீட்ல போடறது." ஹரீஷ்குமார் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாய் நிற்கவில்லை. "இவதான் தெரியாம நடுவுல களியப் போட்டுட்டா."

டாக்டர் கெம்பம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத்துனூண்டு வயித்துல களிய அடைப்பியா? மனுசங்கதான நீங்க?"

"ஊர்ப் பழக்கம் சார், போவாது" என்றார் ஹரீஷ்குமார்.

கெம்பம்மா முந்தானையால் குட்டியின் வாயைத் துடைத்தாள்.

"அம்மா, நான் ஸ்கூலுக்குப் போனப்ப போட்டியா?" என்றாள் ஹரிணி.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: "களிய நிறுத்துங்க. அந்தத் தீனிய மட்டும் போடுங்க."

அந்தத் தீனிதான் குட்டியைப் படுக்க வைத்திருந்தது. கெம்பம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சும்மா பார்த்தாள்.

மாத்திரையை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே திரும்பிப் போனேன். ஹரீஷ்குமார் வெளியே போகும்வரை சுவரோரம் நின்று, பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். களி நின்று நாலு நாளாகிறது, பெரிய நாயின் தீனியைக் கொட்டியது நான்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? நான் சொன்னபடி போட்டிருந்தா குட்டி செத்திருக்கும்." அவர் சீட்டைக் கிழித்து வேறு எழுதினார். "களி ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு சார்."

"மொதல்ல கொழைஞ்ச சோறும் தயிரும். வயித்தால போறது நின்னதும் பாலுங் களியும். அப்புறம் குட்டிக்குன்னு விக்கிற தீனிய வாங்கி, கால் பங்கு, அரைப் பங்குன்னு ஏத்து. பத்து நாளாவட்டும்."

கெம்பம்மா சொன்னதைத்தான் அவரும் சொன்னார். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. புதுத் தீனி வாங்கி வந்து, டாக்டர் சொன்ன அளவை மட்டும் சொன்னேன்.

குட்டி பிழைத்தது. எட்டாம் நாள் வாசலில் கெம்பம்மா கிண்ணத்தை எடுத்தாள். ஹரிணி பிடுங்கினாள்.

"நீ வேணாம்மா. நீ போட்டுத்தான் சாவக் கெடந்துச்சு. அப்பா போடட்டும்."

"ஆமா கெம்பம்மா, கைய வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றாள் குழாயில் குடம் வைத்து நின்ற நாராயணம்மா.

கெம்பம்மா கையை இழுத்துக்கொண்டாள். எட்டு நாளாக எனக்குச் சோறு போட்ட கை அது. எட்டு நாளும் அவள் யாரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே சொன்னேன். "ஹரிணி, களியில ஒண்ணும் இல்ல. மூட்டைத் தீனியக் கொட்டுனது நானு. உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா. டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் நானு."

நாராயணம்மா குடம் நிரம்பி வழிவதைப் பார்க்கவில்லை.

ஹரிணி உள்ளே ஸ்டூல் போட்டு ஏறி, சிலாப் மேல் கிடந்த தீனிப் பையை எடுத்து வந்து விரித்தாள். "அடல்ட்னு போட்டிருக்குப்பா. வளந்த நாய்க்கு. என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

அவள் கிண்ணத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள். கெம்பம்மா உட்கார்ந்து களியையும் புதுத் தீனியையும் பாதிக்குப் பாதி கலந்தாள். குட்டி அவள் முழங்காலில் காலை வைத்து ஏறியது. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

ஷிப்டு பஸ் ஹாரன் அடித்தது. சாப்பாட்டு டப்பாவை எப்போதும் அவள் வாசலில் வந்து கொடுப்பாள். அன்று நானே உள்ளே போய் எடுத்துக்கொண்டேன்.