மூன்று நாள் வெற்றிடம்

எனக்கு வாய்க்கு முன்னால் கை ஓடும். பிரிட்ஜ் மெக்கானிக்காகி இருபது வருடம் ஆயிற்று, இனிமேலா திருந்தப்போகிறேன்?

மகளை இயற்பியல் படிக்க இரண்டு இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று தனியார் கல்லூரி. மூன்று வருடக் கட்டணத்தைக் கட்டினால் என் சேமிப்பு துடைத்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று அரசுக் கல்லூரி. கட்டணம் பேருக்குத்தான், ஆனால் இருபதே இடம், நேரில் பேசித்தான் எடுப்பார்கள். அவளோ பி.எஸ்சி.யோடு நிற்கிற ஆள் இல்லை. எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சி என்று பெரிய திட்டம் வைத்திருந்தாள்.

"இப்பவே எல்லாத்தையும் கொட்டிட்டா, அப்புறம் எதை வெச்சும்மா மேல படிக்கிறது?" என்பாள்.

"பெரிய காலேஜ்ல படிச்சாதான் மேல சீட்டே கிடைக்கும்" என்பார் என் அண்ணன். பணம் அவருடையதில்லை, தாராளமாகப் பேசுவார்.

முதலில் தனியார் கல்லூரிக்கு மூவரும் போனோம். வரவேற்பறையில் மீன் தொட்டி. லேபில் பளபளவென்று ஒரு வேக்குவம் பம்ப். பிரிட்ஜ் குழாயிலிருந்து காற்றை உறிஞ்ச நான் தினமும் மல்லுக்கட்டுகிற அதே வகைதான், விலை மட்டும் பத்து மடங்கு இருக்கும். குனிந்து, உள்ளே எண்ணெய் எவ்வளவு என்று காட்டும் அதன் எண்ணெய்க் கண்ணாடியைப் பார்த்தேன். ஊற்றிய அன்றைக்கு இருந்த நிறம் அப்படியே இருந்தது.

"இதை ஓட்டுவீங்களா?"

"பசங்களைத் தொடவே விடமாட்டோம் மேடம். கெட்டுப்போயிடும்ல?" என்றார் சுற்றிக்காட்டியவர்.

"பார்த்தியா, என்ன பொறுப்பு!" என்றார் அண்ணன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வரும்வரை அவரோடு சண்டைதான்.

மறுநாள் அரசுக் கல்லூரி. அண்ணன் வரவில்லை, நிம்மதி. புரொபசர் அறையில் மின்விசிறி ஓடவில்லை என்று லேபிலேயே நேர்காணல். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்க, மகள் திக்கித் திணறினாள். என் காது மட்டும் மூலையில் தடதடத்த பழைய பம்ப்பின் மேலேயே இருந்தது. சத்தம் சரியில்லை. எட்டிப் பார்த்தால் எண்ணெய் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடினால் பம்ப் இறுகி நின்றுபோகும். என் கை தானாகப் போய் சுவிட்சை அணைத்துவிட்டது.

"ஐயையோ ஆன்ட்டி!" என்று அலறினாள் பக்கத்திலிருந்த ஆராய்ச்சி மாணவி. "மூணு நாளா அந்த உருளையிலேர்ந்து காத்தை இழுத்துட்டிருக்கேன்!"

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பம்ப்புக்கும் பெரிய எஃகு உருளைக்கும் நடுவிலிருந்த வால்வைத் திருகி மூடினாள். அளவுமானி முள் கொஞ்சம் ஏறி, நின்றது.

'உன்னால என் சீட்டு போச்சு' என்று அவள் கண்ணாலேயே சொன்னாள். பாவி, பிள்ளை ஆசையில் மண்ணைப் போட்டேனே என்று நொந்துபோனேன்.

"வால்வை ஏம்மா மூடுன?" என்று கேட்டார் புரொபசர்.

"திறந்திருந்தா எண்ணெய் உள்ள ஏறிடும் சார். எங்க மெக்கானிக் கடையில நான் மறந்தா அம்மா நறுக்குன்னு குட்டுவாங்க."

அவர் எண்ணெய்க் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். பிறகு மாணவியைப் பார்த்தார். மாணவி கூரையைப் பார்த்தாள்.

நானே எண்ணெய் ஊற்றி ஓட்டிக் கொடுத்தேன். முள் இறங்கத் தொடங்கியதும், "முதல் சீட்டு உனக்குத்தான்" என்றார் புரொபசர் மகளிடம்.

"சார், இங்க படிச்சவங்க அப்புறம் எங்க போறாங்க?" என்று கேட்டாள் அவள்.

"போன வருஷம் ஆறு பேர் ஆராய்ச்சிக்குப் போனாங்க. அதுல நாலு பேர் வெளிநாட்டுல."

மகள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "அம்மா! அதான் காசு மிச்சமாகுதே, நானும் போயிடலாம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணனோடு சண்டை போட்டு நான் காப்பாற்றிய பணம், இவளை என்னைவிட்டு அனுப்பப்போகிற பணம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், எப்படி அழுவது?

"எங்க சார் கையெழுத்துப் போடணும்? சீக்கிரம் சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷர் பயந்துபோய்ப் பேனாவை நீட்டினார்.