கந்தகனுக்குப் பொருந்தும் ஆட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிக்கண்ணன் பகடையை விரலால் எடுத்தான். அதுவரை தம்ளருக்குள் போட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தம்ளரைப் பிடித்துக் கவிழ்த்துத்தான் ஆடிக்கொண்டிருந்தான். அன்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிப்போய்த் தொட்டு, அந்தச் சின்ன பிளாஸ்டிக் கட்டையை நடுவில் பிடித்துக்கொண்டன. வெந்து ஆறிய தோல் முட்டிகளின் மேல் இழுபட்டுப் பளபளத்தது. பகடை தரையில் உருண்டு சுவரில் முட்டி நின்றது. என்ன விழுந்தது என்று இருவருமே பார்க்கவில்லை.

"எடுத்துட்டீகளே!" என்றாள் அவன் மனைவி இசைவாணி.

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாகையாண்ணன் சொல்லி விட்டிருக்காரு. சீசனுக்கு ஆளு பத்தலையாம். இனிமே நான் போவலாம்ல?" என்றான்.

அவள் சிரித்த முகத்தை உடனே மாற்றத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

நாகையா, தாயில்பட்டிக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் இருக்கும் பட்டாசு ஆலையின் போர்மேன். ஆலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். போன வருடம் பங்குனியில் அங்கே ஒரு அறை வெடித்தது. அறைக்கு நாலு பேர். மாரிக்கண்ணன் வெடிமருந்து செலுத்திய குழாய்களைத் தட்டில் அடுக்கி, காய வைக்கும் மேடைக்குக் கொண்டுபோன நேரத்தில் மற்ற மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். அவன் தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடியிருக்கிறான். யாரையும் வெளியே கொண்டுவர முடியவில்லை. கைகளும் முகத்தின் வலதுபக்கமும்தான் மிச்சமான நெருப்பில் வெந்தன. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேச்சை விட்டிருந்தான். சோறு வேண்டுமா என்றால் தலை அசையும். அதற்கு மேல் கிடையாது.

இசைவாணி சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறாள். பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, பரமபத அட்டை, எது வந்தாலும் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டித் தருவது அவள் பாடு. அந்தச் சமயத்தில் பெங்களூர்ப் பையன்கள் சிலர் ஒரு புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தார்கள். சூப்பர் ஹீரோ ஆட்டம். பலகையும் காயும் இல்லாத ஆட்டம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி அவன் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்; ஒன்று விழுந்தால் எதுவும் பலிக்காது. அதில் ஒரு அத்தியாயம், எந்த மாதிரி உலகத்துக்கு எந்த ஆட்டமுறை பொருந்தும் என்பதைப் பற்றியே இருந்தது. பறக்கும் வீரர்களின் உலகத்துக்கு ஒன்று: அடிபட்டு விழுந்தவன் அடுத்த காட்சியில் எழுந்துவிடுவான். முகமூடி போட்டுக்கொண்டு இருட்டுச் சந்துகளில் அலையும் வீரர்களுக்கு இன்னொன்று: ஒவ்வொரு காயத்தையும் தாளில் குறிக்க வேண்டும், குறித்தது லேசில் அழியாது. சாபம் போல சக்தி வந்து சேர்ந்தவர்களுக்கு மூன்றாவது: அவர்கள் நினைத்தது கண்டிப்பாக நடக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தங்களுடையதில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பொருந்தாத முறையை எடுத்தால் கதை பொய்யாகிவிடும், ஆடுகிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும் என்று போட்டிருந்தது. பிளஸ் டூ இங்கிலீசை வைத்துக்கொண்டு அகராதியைப் புரட்டிப் புரட்டித்தான் அவளுக்கு இவ்வளவும் பிடிபட்டது.

மெஷினில் கலர் சரிபார்க்க ஓட்டிய வேஸ்ட் தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஒரே தாளை இரண்டு மூன்று வேலைக்கு ஓட்டியிருந்ததால், ஆட்ட விதிகளின் மேல் புஸ்வாண லேபிள் பூத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எதற்கென்று யோசிக்காமலே அவன் முன்னால் தாளை விரித்து, "உங்க வீரனுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டாள்.

அவன் தாளில் இருந்த புஸ்வாணத்தைப் பார்த்து, "கந்தகன்," என்றான்.

"என்ன செய்வான்?"

"தீயக் குடிப்பான்."

அவள் முதல் முறையைத்தான் எடுத்தாள். மேகத்துக்கு மேலே ஒரு நகரம். கந்தகன் அங்கே எரிகிற மாடிகளுக்குள் புகுந்து நெருப்பைத் தண்ணீர் மாதிரிக் குடித்துவிட்டு வெளியே வருவான். "அந்த ஊருல வேலைக்கு எப்பிடிப் போவாக?" என்று அவன் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பறந்துதான்," என்றாள். "அப்ப பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்," என்றான்.

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சில நாள் வாசல்படியில் வந்து உட்காருவாள். இறந்துபோன மூவரில் இருளாண்டி அவள் புருசன். அவளும் அதே ஆபீசில் காகிதக் குழாய் சுருட்டுகிறாள்.

"என்னத்தா, புருசனும் பொண்டாட்டியும் தாயம் உருட்டுறீகளா?"

"தாயம் இல்ல மதினி. கந்தகன் கதை."

"பேரப் பாரு! அவுக ஆத்தா உப்புக்குப் பதிலா கந்தகத்தப் போட்டுக் கொழம்பு வச்சாளாக்கும்." சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஆட்டத்தைக் கவனித்தாள். கந்தகன் இடிந்த கட்டடத்துக்கு அடியில் நசுங்கி விழுந்தான். அடுத்த காட்சியில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஆவுடைத்தாயின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த ஊருல விழுந்தவுக எல்லாருமே எந்திரிச்சிருவாகளா?"

"ஆமா மதினி."

"அப்ப அங்கனயே இருங்க. கீழ எறங்காதீக," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாவது முறையை ஒரே ஒரு தடவைதான் முயன்றார்கள். மூன்றாவது காயத்தைக் குறித்ததும் மாரிக்கண்ணன் தாளைத் தள்ளிவிட்டான். "இது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு." மூன்றாவது முறையில் விட்டுக்கொடுக்கச் சொல்லும்போதெல்லாம் அவன் கந்தகனின் உடம்பிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான். ஒரு காது, ஒரு கண், நிழல், தூக்கம். மனிதர்களைக் கொடுக்கவே இல்லை. அவள் அதைக் கவனித்து மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்படியே மாதங்கள் போயின. பேச்சு வந்தது. தம்ளரைப் பிடித்துப் பிடித்து விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கின. சட்டைப் பொத்தானுக்காக, சோற்றைப் பிசைவதற்காக, தன் தலைமுடியை ஒருநாளாவது அவன் கோதிவிடுவதற்காக அவள் அந்த விரல்களை எதிர்பார்த்திருந்தாள். அவை வந்ததும் முதலில் நீண்டது நாகையாவின் பக்கம்.

அவனைப் போக விடாமல் தடுப்பது என்ற ஒன்றைத் தவிர அந்த வாரம் அவளுக்கு வேறு நினைப்பில்லை. திரையில் லேபிளின் எழுத்துகளை நகர்த்திக்கொண்டே அதையே யோசித்தாள். பயம்தானா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பயம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வெளியே போக முடியாத அந்த மாதங்களில் அவன் முழுக்க அவளுடையவனாக இருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, தனக்காகவே ஒரு ஆள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வெந்து கிடந்த ஒருவனிடம் இந்தச் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டோமே என்று நினைத்தபோது, திரையில் இருந்த லேபிளைப் பார்க்கவே கூசியது.

அச்சக முதலாளி லட்சுமிகாந்தத்திடம் கெஞ்சி வாட்ச்மேன் வேலை வாங்கினாள். புதன்கிழமை இருவரும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அவனைத் தேடினால் கேட்டருகே நாற்காலி மட்டும் இருந்தது. சாயந்தரம் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன் வந்துட்டீக?"

"பத்திரிகை அடிக்க வந்தவுக கூட ஒரு பிள்ளை. என்னப் பாத்து வீருன்னு கத்திருச்சு. அவுக அம்மை பாவம், மூஞ்சியப் பொத்தித் தூக்கிட்டுப் போனா." சுவரை விட்டு நிமிர்ந்தான். "திரும்பி வாறப்ப பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டம், வாணி. படியில தொங்குறாக. எம்பக்கத்துச் சீட்டு காலியாக் கெடக்கு."

அவள் தோளிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"பட்டாசு ஆபீசுல யாரும் என்னை உத்துப் பாக்க மாட்டாக. அங்கன இதுவும் ஒரு மூஞ்சி."

அவள் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தாளை விரித்தாள். திங்களன்று வேன் வருவதாக நாகையா சொல்லியிருந்தார்.

"இன்னைக்கு ஊரு நம்ம ஊரு," என்றாள். "கந்தகன் பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போறான். மூணாவது முறை. உள்ள போனா வேலை முடிஞ்சிரும், ஒண்ணும் ஆவாது. ஆனா ஒரு ஆளக் குடுக்கணும். கையி காலு கெடையாது. ஆளு. யாரக் குடுப்பீக?"

போவதென்றால் என்னைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அவள் சொல்வது அவனுக்குப் புரிந்தது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். புஸ்வாணத்தின் மஞ்சள் பூக்களுக்கு நடுவே எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

"இது பொய்யி, வாணி."

"எது?"

"இவனாப் பாத்து எடுத்துக் குடுக்குறான்லா, அது. இங்கன யாரு நம்மளக் கேட்டா?"

"அப்ப ரெண்டாவது. காயத்தக் குறிச்சுக்கிட்டே போவோம்."

"மெல்ல மெல்லவா ஆவுது? நாலு காயம் பட்ட பொறவு உசாராயி வீட்டுக்கு வந்துரலாம்னா எவன் சாவான்?"

முதலாவதை அவள் சொல்லவில்லை. வாசலுக்கு வெளியே ஆவுடைத்தாய் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மாரிக்கண்ணன் தம்ளரை எடுத்தான். "நம்ம ஊருக்கு வேற மாதிரி. கட்டைய கந்தகன் போடக்கூடாது. வேற ஆளு போடணும். போட்ட ஆளும் பாக்கக்கூடாது." பகடையைத் தம்ளருக்குள் போட்டுக் குலுக்கித் தரையில் கவிழ்த்தான். அப்படியே விட்டுவிட்டான். "மூடி வச்சிரணும். அவன் பாட்டுக்குப் போயி மருந்து செலுத்தணும், டீ குடிக்கணும், எவனையாச்சும் கேலி பண்ணணும். சாயந்தரம் வந்து தெறந்து பாக்கணும்."

"ஒண்ணு விழுந்து கெடந்தா?"

"தெறக்க வர மாட்டான்."

அவள் தம்ளரைப் பார்த்தாள். வீட்டில் தினமும் தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் தம்ளர்தான்.

"அன்னைக்கு நான் தட்டத் தூக்கிட்டு வெளிய வாறேன்," என்றான் அவன். "இருளாண்டி பின்னால இருந்து என்னமோ சொன்னான். மத்த ரெண்டு பேரும் சிரிச்சாக. என்னலே சொன்னன்னு திரும்பிக் கேக்கணும்னு நெனச்சேன். தட்டு கனமா இருந்துச்சு, பொறவு கேட்டுக்கிடலாம்னு போயிட்டேன். கட்டை அதுக்கு முந்தியே விழுந்துருக்கு. எங்க நாலு பேருக்கும் தெரியல. யாரு போட்டா, யாருக்குப் போட்டா, ஒண்ணும் தெரியல. என்ன சொன்னான்னுதான் இப்பவும் ரோசன பண்ணிக்கிட்டே இருக்கேன்."

இந்தப் பேச்சுக்காக அவள் ஒரு வருடத்துக்கு மேலாகக் காத்திருந்தாள். அவன் வாயிலிருந்து அது வந்தால், அதைப் பிடித்துக்கொண்டே அவனைத் தடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தாள். வந்தபோது அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பொய்யும் இல்லை. இத்தனை நாள் தேடிய பொருத்தமான ஆட்டம் இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. பொருந்தியதே அவளுக்கு எதிராக நின்றது. சாயந்தரம்வரை எதுவும் தெரியாது என்றால், எதைச் சொல்லி ஒரு ஆளை வீட்டில் நிறுத்துவது?

"போடுற ஆளு யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீயே போடு," என்றான்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவனே பொத்தான்களைப் போட்டுக்கொண்டான். கடைசிப் பொத்தானுக்கு நேரம் பிடித்தது. அவள் உதவிக்குப் போகவில்லை. வேன் வந்து நின்றபோது, உள்ளே இருந்தவர்களில் யாரோ, "ஏலே மாரி, ஏறுலே! மாப்பிள்ளைக்குத் தனியா வேன் வரணுமோ?" என்று கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகத்தின் நல்ல பக்கமும் வெந்த பக்கமும் சேர்ந்து சிரித்ததை அவள் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்து அவள் கையில் வைத்தான். "கேட்டுல தீப்பெட்டி இருக்கான்னு சட்டப்பையத் தடவிப் பாப்பாக," என்றான். ஆவுடைத்தாய் தூக்குவாளியோடு முன்னால் ஏறி, நகர்ந்து தன் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள்.

இசைவாணி உள்ளே வந்தாள். பகடையைத் தம்ளருக்குள் போட்டாள். குலுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நடுவீட்டில் கவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தாள். அச்சகத்துக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்திருக்கவில்லை. பிறகு வீட்டைக் கூட்டினாள், தம்ளரைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு. துணி துவைத்தாள். உலை வைத்தாள். ஒரு எறும்பு வரிசை தம்ளர்வரை வந்து, விளிம்பை ஒட்டி வளைந்து போனது.

மத்தியானத்தில் ஆபீஸ்காரர்கள் புதிதாகச் செய்த வெடிகளைக் காட்டுக்குள் வெடித்துப் பார்ப்பது வழக்கம். ஒன்று கேட்கும், கொஞ்சம் பொறுத்து அடுத்தது கேட்கும். அந்த ஊரில் யாரும் அதற்குத் தலை நிமிர்வதில்லை; ஒன்றோடு நின்றுவிட்டால்தான் ஓடுவார்கள்.

சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. அலமாரியில் பாத்திரங்கள் அதிர்ந்தன. நடுவீட்டில் தம்ளர் தரையோடு உராய்ந்து துளி நகர்ந்த மாதிரி இருந்தது. இசைவாணி ஓடிவந்து மண்டியிட்டு, கஞ்சி ஒழுகும் உள்ளங்கையைத் தம்ளரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உலோகம் குளிர்ந்திருந்தது. அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.