ஒத்த ஓட்டு எம்ரிஸ்

“எழுபது. டேவிட் கெதின், பன்னிரண்டாயிரத்து நூற்றி எட்டு. ஹியூ பிரிட்சர்ட், பத்தாயிரத்து தொள்ளாயிரம்.” நெரிஸ் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தாள். சாகப்போகிறவர்கள் சங்கீதம் வாசிக்கச் சொல்வார்கள். அவள் அப்பா எம்ரிஸ் ப்ரோபர்ட், நன்ட்வென் தொகுதியின் தேர்தல் முடிவுகளை வாசிக்கச் சொன்னார். தொகுதி உண்டான ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் அவரே எழுதி வைத்திருந்தார்.

நெரிஸ் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள். “எழுபத்து நாலு, அக்டோபர்.”

அப்பா கண்ணைத் திறந்தார். “பிப்ரவரி எங்கம்மா போச்சு?”

“தாள் ஒட்டிக்கிச்சுப்பா.”

“ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும். நீ மேல படி,” என்றார் அவசரமாக.

இப்போதாவது சொல்லிவிடு என்று அவளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளியது. மேலே படித்தாள். எண்பத்து மூன்று, எண்பத்தேழு. தொண்ணூற்றேழை முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் மூச்சு நின்றிருப்பது தெரிந்தது. எப்போது போனார் என்று தெரியவில்லை. ஒரு தேர்தலோ, இரண்டோ, கேட்க ஆளில்லாமல் வாசித்திருக்கிறாள்.

பிப்ரவரி எழுபத்து நான்கில் லிபரல் கட்சிக்காக நின்றவர் எம்ரிஸ்தான். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். நான்கு முறை எண்ணினார்கள். நான்கு முறையும் ஒரே ஒரு ஓட்டில் தோல்வி. மறுநாளே ஊர் அவருக்குப் பேர் வைத்துவிட்டது, ஒத்த ஓட்டு எம்ரிஸ். எங்கள் ஊரில் பட்டப்பேர் இல்லாதவன் மனுஷனே இல்லை. ஆனால் இது கொஞ்சம் கொடுமையான பேர்தான்.

அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஆட்கள் கடைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவனுக்கு அன்றைக்குப் பசு கன்று போட்டதாம், இன்னொருவனுக்குப் பனியில் வண்டி மாட்டிக்கொண்டதாம். பிரசங்கியார்கூட வந்து, தூங்கிப்போய்விட்டேன் என்று ஒப்புக்கொண்டார். எல்லோருக்கும் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். “அட விடுங்க, உங்களால இல்ல.” ஊரே கேட்டது. கேட்காதவள் நெரிஸ் ஒருத்திதான்.

அப்போது அவளுக்குப் பதினெட்டு. முதல் ஓட்டு. அப்பாவின் பேருக்கு எதிரே பெருக்கல் குறி போட்டாள். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. அதன் கீழேயே பென்சிலால் எழுதினாள், ‘ஜெயிச்சு வா அப்பா’ என்று. ஓட்டுப் போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து இருந்தால் சீட்டு செல்லாது என்பது அந்தப் பைத்தியத்துக்குத் தெரியாது. வாரப் பத்திரிகையில், அப்படி ஒரு சீட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு வரி வந்தபோது தெரிந்தது. அப்பா அந்தச் சீட்டைப் பார்த்தாரா, இல்லையா? அது மட்டும் தெரியவில்லை.

அதன்பிறகு அம்மா போனாள், கடை போனது. நெரிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் மகளுமாக ஒரே மேஜையில் ஐம்பது வருஷம். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும்போது அவர் வெண்ணெய் தடவிய ரொட்டியை நீட்டுவார். வாங்கிக்கொள்வாள்.

அடக்கத்துக்குக் கிடைத்த நாள் ஜூலை நான்கு, வியாழக்கிழமை. வாக்குப்பதிவு நாள். தேநீர் கொடுக்க வேண்டிய சபைக்கூடத்தில் வாக்குச்சாவடி போட்டிருந்தார்கள். அதனால் வந்தவர்களை வீட்டுக்கே அழைத்துக்கொண்டாள். பன்றித்தொடை வைத்த ரொட்டி, பழம் போட்ட கேக், கெட்டில் கெட்டிலாகத் தேநீர். ஐந்து மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மருமகன் காருக்காகக் காத்துக்கொண்டு இட்வால் மெரெடித் மட்டும் சமையலறை நாற்காலியில் இருந்தார். அப்பாவுக்குத் தேர்தல் ஏஜெண்டாக இருந்தவர், வயது தொண்ணூறு.

“வேணும்னே இந்தத் தேதியைப் பிடிச்சிருக்கான் உங்கப்பன்,” என்றார். “இன்னையோட நன்ட்வென்னே கிடையாது. பாதியை வடக்க சேத்துட்டான், பாதியைத் தெக்க. தொகுதி போற அன்னைக்குத் தானும் போறான் பாரு.”

நெரிஸ் கப்புகளைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். “மாமா, எழுபத்து நாலுல ஒரு சீட்டுல எழுதியிருந்துச்சே. அது நான்தான்.”

“தெரியும்.”

“உங்களுக்கா?”

“அவனுக்கும்.”

அவள் குழாயை மூடினாள்.

“சந்தேகச் சீட்டையெல்லாம் தூக்கிக் காட்டுவாங்கம்மா. அதுல பேரு இல்ல, ‘அப்பா’ன்னுதான் இருந்துச்சு. எவனோ குறும்புக்கு எழுதினதுன்னு நான் வாதாடினேன். அதிகாரியும் சரி, சேத்துக்கலாம்னுட்டாரு. சேத்திருந்தா சமம். சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பாங்க. அந்தப் பக்கத்து ஏஜெண்டு உங்கப்பன் மூஞ்சியைப் பாத்து, ‘இந்தக் கையெழுத்து உனக்குத் தெரியுமா எம்ரிஸ்’னான். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். நான் அவன் காலை மிதிச்சேன். ‘எம் பொண்ணு எழுதினது’ன்னுட்டான்.”

நெரிஸ் ஈரக் கையைத் துடைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வெளிய வந்ததும் என் கோட்டைப் புடிச்சுக்கிட்டான். ‘அவளுக்குத் தெரியக் கூடாது இட்வால். ஆசையா போட்ட ஓட்டை நானே சாகடிச்சுட்டேன்னு தெரிஞ்சா எப்படி அவ மூஞ்சில முழிப்பேன்’னான். சத்தியம் வாங்கிட்டான்.”

“அம்பது வருஷம் மாமா,” என்றாள் நெரிஸ். “ஒரே மேஜை. என் தப்புன்னு நான் செத்துக்கிட்டிருந்தேன்.”

“அவன் தப்புன்னு அவன் இருந்தான். நல்லா இருந்தீங்க போங்க ரெண்டு பேரும்.” வாசலில் கார் சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடித்து அவரை எழுப்பிவிட்டாள்.

வீட்டில் இருக்க முடியவில்லை. கறுப்பு உடையோடு சபைக்கூடத்துக்கு நடந்தாள். வெயில் இன்னும் இருந்தது. சாவடியில் வெளியூர்ப் பெண் ஒருத்தி பட்டியலில் விரலை ஓட்டினாள். நெரிஸின் பேருக்கு மேலே அதே முகவரியில் அப்பாவின் பேர் அச்சாகியிருந்தது.

“இவர் பின்னாடி வர்றாரா?”

“இல்ல. நான் மட்டும்தான்.”

சீட்டில் புதுத் தொகுதியின் நீளமான பேர். ஆறு வேட்பாளர்கள், ஒருவரையும் தெரியாது. ஒரு பேருக்கு எதிரே குறியிட்டாள். பென்சிலைக் கீழே வைக்கப் போனவள், திரும்ப எடுத்தாள். கீழே எழுதினாள், ‘என் மேலதான்ப்பா தப்பு. நெரிஸ்.’ இந்த முறை தெரிந்தேதான் எழுதினாள். மடித்துப் பெட்டியில் போட்டாள்.

எண்ணும் மண்டபத்தில் அதையும் யாராவது தூக்கிக் காட்டுவார்கள். வேட்பாளர்களும் ஏஜெண்டுகளும் எட்டிப் பார்ப்பார்கள். நெரிஸ் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.