நாங்களாகவே இறங்கினோம்

போடியில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கரடிப்பாறைச் சரிவில் எங்கள் பளியர் பழங்குடிக் குடும்பம் வாழ்ந்த நிலத்தைக் கேட்டு நான்தான் மனு எழுதியிருந்தேன். விரட்டப்பட்டவர்கள் என்று நிரூபித்தால் திரும்பக் கிடைக்கும். இப்போது இருக்கும் காலனியையும் சாலைக்காகக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. என் மகள் அனுப்பிரியாவோடு நான் போவதற்கு வேறு இடமில்லை.

வரும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தாத்தாவை ஏலத்தோட்டக்காரர்கள் மேட்டிலிருந்து சரிவுக்குத் துரத்தினார்கள். நம்மைக் காக்கிச் சட்டைக்காரர்கள் சரிவிலிருந்து அடிவாரத்துக்குத் துரத்தினார்கள். இதை மட்டும் சொன்னால் போதும். அம்மா தலையாட்டினாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அடைமழையில் வனத்துறைக்காரர்கள் எங்கள் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். காய்ச்சலோடு நனைந்து கிடந்த அப்பா மூன்றாம் நாள் இறந்தார். புதைத்துவிட்டு அன்றே இறங்கினோம்.

அதிகாரி மரியாதையாகவே கேட்டார், யாராவது விரட்டினார்களா என்று.

"வெரட்டல சாமி," என்றாள் அம்மா. "சாவு விழுந்த எடத்துல நாங்க குடியிருக்க மாட்டோம். நாங்களாத்தான் எறங்குனோம்."

"அப்பறம் மனு எதுக்கு ஆத்தா? கீழ வெயிலு ஒத்துக்கலையா?" என்றார் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துப்போய், கூரையைப் பிரித்தது யார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"வெரட்டுனாங்க, ஓடியாந்தேன்னு சொன்னா, ஒங்கப்பன அனாதப் பொணமாப் போட்டுட்டு வந்தவன்னு ஆகாதா? பொதச்சு, மொறை செஞ்சு, நானாத்தான் நடந்தேன். அத மாத்தச் சொல்லாத."

இருபத்தெட்டு வருடங்களாக அந்த நடை ஒன்றுதான் அவளுடையதாக இருந்திருக்கிறது. காலனியில் எதற்கும் கை நீட்டாமல், யாரிடமும் அழாமல் அவள் இருந்ததெல்லாம் கல்மனசு என்றுதான் நினைத்திருந்தேன். மற்றதையெல்லாம் யார் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சமிருந்த அதையும் கேட்டு, அவள் பெற்ற மகள் நானே வந்து நிற்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். 'சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறினர்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அம்மா கட்டைவிரலை ஊன்றினாள். படித்தவள் என்பதால் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பொய் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் அவளைப் புருஷனைப் போட்டுவிட்டு ஓடி வந்தவளாக ஆக்கியிருக்கலாம். காளீஸ்வரி என்று எழுதினேன்.

வெளியே வந்ததும் அம்மா, எடம் எப்பக் குடுப்பாங்களாம் என்று கேட்டாள். குடுக்க மாட்டாங்க என்றேன். அவள் முகம் மெல்லக் கறுத்தது. அனுப்பிரியாவை இனி எங்கே கொண்டுபோவேன் என்று நினைத்த எனக்கு இரக்கமே வரவில்லை.