கைப்பையில் புளிக்காய்ச்சல்

பிப்ரவரி 9, ஞாயிறு. நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. அவலுக்குள் முதலில் கையை விட்டவன் நேசன் என்று எழுதிவிட்டேன், இல்லை, சாதிக்தான், நேசனின் இரண்டு கைகளும் அப்போது பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தன, புளிக்காய்ச்சல் இறங்க மனமில்லாததுபோல் பாட்டிலின் கழுத்தருகே திரண்டு நிற்கிறது, பிறகு மொத்தமாகப் பிளாஸ்டிக் பைக்குள் வெள்ளை அவலின் மேல் பொத்தென்று விழுகிறது, சாதிக் முழங்கை வரை சட்டையை மடக்கிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பிசைகிறான், வெள்ளை பழுப்பாகி, பழுப்பு செம்மண் நிறமாகி, நல்லெண்ணெயும் பெருங்காயமும் திருச்சி விமான நிலையத்தின் குளிர்ந்த காற்றில் ஏறி, எதிர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறந்து பார்க்கிறார். இதையெல்லாம் யாரும் படிக்கப்போவதில்லை, ஆனாலும் கை மாறி எழுதினால் எனக்குப் பொறுக்காது, மாலைக் கல்லூரியில் வரவைப் பற்றில் எழுதிவிட்டு வந்த நாளைப்போலத் தூக்கம் வராது, அதற்காகத்தான் சாதிக் என்னை ஆடிட்டரே என்று கூப்பிடுகிறான், பகலில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் கோப்பு அடுக்குபவன் என்பதற்காக மட்டும் அல்ல.

நண்பர்கள் மூவரும் கொழும்புக்குப் போகத் திட்டம் போட்டவன் நான். கூடுதல் பை எடுத்தால் டிக்கெட் விலை ஏறும், ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை போதும் என்று சொன்னவனும் நான், எதைக் கொண்டுபோகலாம் எதைக் கூடாது என்று இரண்டு முறை படித்து, தண்ணீர், ஷாம்பு, தேங்காயெண்ணெய் என்று விலக்கவும் செய்தேன், ஆனால் புளிக்காய்ச்சல் அந்த வரிசையில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நமக்கு அது சாப்பாடு, சோற்றில் பிசைவது, அதைப் போய் யார் திரவம் என்று நினைப்பார்கள். சோதனைக்காரர் பாட்டிலை வெளியே எடுத்து, இது லிக்விட்ங்க, போகாது என்றார். சார் இது புளிக்காய்ச்சல் சார் என்றேன், அதைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். எங்க வீட்லயும் செய்வாங்க தம்பி, சாய்ச்சா ஓடுதா இல்லையா அதச் சொல்லு என்று அவர் பாட்டிலைச் சாய்த்தார், நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம், எண்ணெய் மிக மெதுவாக, எங்களுக்காகத் தயங்கியதுபோல நகர்ந்தது. ஓடுதுல்ல, என்றார் அவர், வருத்தமாகத்தான் சொன்னார், அந்தத் தொட்டில போட்ருங்க, இல்லாட்டி வெளிய போய் யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க. நேசன் பாட்டிலை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான், அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

அது எங்கள் பாட்டில் அல்ல. எங்கள் சாப்பாடு அவலும் கடலை மிட்டாயும்தான், பாட்டில் நேசனின் அம்மா செல்லம்மா தன் அக்காவுக்குக் கொடுத்தனுப்பியது. கூடலூரில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் நின்று, பேருந்து கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக அவன் மடியில் வைத்தார், அவர் பத்து வயதுப் பிள்ளையாக அப்பாவோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர், கலியாணம் ஆகிவிட்ட அக்கா காத்தாயி அங்கேயே இலங்கை மலைத் தோட்டத்தில் நின்றுவிட்டார், ஒருவருக்கு இந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம், ஒருவருக்கு அந்த நாட்டுக் காகிதம், கடிதங்கள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தன. பிறகு அப்பா இறந்தார், செல்லம்மாவால் அதை அக்காவுக்கு எழுத முடியவில்லை, அன்புள்ள அக்காவுக்கு என்று தொடங்கித் தொடங்கிக் கிழித்ததாக நேசன் சொல்லியிருக்கிறான், ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் கொழும்புக்குப் போன யாரோ வாய்வழியாகச் சொல்லிவிட்டார்கள், அதன் பிறகு மலையிலிருந்து ஒரு வரி வரவில்லை, வருடங்கள் போய்விட்டன. கோவமா இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாடா, என்றார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேற ஒண்ணும் வேணாம், வாங்கித் தின்னான்னா கோவமில்ல. அப்படிப்பட்ட பாட்டிலைத்தான் நான் ஏழு கிலோக் கணக்கில் அடக்கினேன்.

அவலக் கொண்டா என்றான் சாதிக். அவன் கோவை உக்கடத்தில் மாமாவின் மெத்தைக் கடையில் வேலை செய்பவன், பஞ்சை எந்தப் பைக்குள்ளும் அடைத்துவிடுவான், ஏண்டா முழிக்கறீங்க, ஓடறதுதான தப்பு, ஓடாமப் பண்ணீரலாம். அப்போதுதான் பாட்டில் கவிழ்ந்தது, கை உள்ளே போனது, நாங்கள் மறுபடி வரிசையில் நின்றோம், அதே அதிகாரி பையைத் திறந்து மோந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்து மோந்து பார்த்தார். இப்ப இது என்னப்பா என்றார். சாய்ச்சுப் பாருங்க சார் என்றான் சாதிக். அவர் சாய்த்தார். பை அசைந்தது, உள்ளே எதுவும் அசையவில்லை. போங்க போங்க, பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், என்று கையை வீசினார்.

இப்படியாக எங்கள் சாப்பாடு முழுவதும் நேசனின் பெரியம்மாவுக்கு உரியதாகிவிட்டது. கொழும்பில் நடந்த தெருக்களை யோசித்தால் எனக்குக் கடல் நினைவு வருவதில்லை, கடைகளின் பெயர்ப் பலகைகளும் வருவதில்லை, பசிதான் வருகிறது, ஒரு றாத்தல் பாணை, அதாவது கடை ரொட்டியை, மூன்றாகப் பிய்த்துப் பருப்பில் தொட்டுத் தின்கிறோம், நேசனின் முதுகுப் பையிலிருந்து புளி வாசம் எழுந்து எங்களைச் சுற்றிக்கொண்டு கூடவே நடக்கிறது, கோட்டை ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புக்கு முண்டியடித்து ஏறியபோதும் அது எங்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சாதிக் கெஞ்சினான், மாப்ள, ஒரே ஒரு பிடி, உங்க பெரியம்மா என்ன நிறுத்தா பாக்கப்போறாங்க. நேசன் பையை மடியில் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினான். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா அப்ப நான் சாப்பிடலாமாடா என்றான் சாதிக், விளையாட்டாகத்தான் சொன்னான், சொல்லி முடித்ததும் அவனுக்கே அது எங்கே போய்க் குத்தியது என்று தெரிந்துவிட்டது, தன்னிடம் இருந்த கடைசிக் கடலை மிட்டாயை உடைத்துப் பெரிய துண்டை நேசனிடம் நீட்டினான், நேசன் வாங்கிக்கொண்டு, அப்படிச் சொன்னா நானே உனக்கு ஊட்டி விடறேன்டா என்றான், ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது, பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஓவென்று கத்த, நாங்களும் கத்தினோம், நேசன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான், வெளிச்சம் வந்தபோது அவன் கண் ஈரமாக இருந்தது, கத்தியதால் இருக்கலாம்.

சுரங்கத்துக்கு அப்பால் பச்சை, மேலே மேலே பச்சை, நேற்று மாலை வகுப்பில் சார் தேய்மானம் எழுதிய கரும்பலகைகூட ஓரத்திலிருந்து மெல்லப் பச்சையாகிறது, சார் என்னைப் பார்த்து, எங்கய்யா இருக்க என்கிறார், மலையில் சார், ஹட்டனில் இறங்கிப் பேருந்து பிடித்து, பேருந்து விட்ட இடத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறேன் சார், லயத்து வாசலில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு முன்னால், வயதான அம்மா ஒருத்தர் தலையில் விறகுக் கட்டோடு வருகிறார். கட்டை இறக்காமலே எங்களைப் பார்த்தார், யாரு என்றார். நேசன் பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, நான் செல்லம்மா மகன் என்றான். அவர் விறகை இறக்கினார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், உள்ளே போய்விட்டார். நாங்கள் நிற்கிறோம், மூடுபனி வந்து காலைச் சுற்றுகிறது, போயிரலாமாடா என்று சாதிக் என் காதில் கேட்கிறான், இப்படி ஒரு நிலைமைக்கு என் திட்டத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளிருந்து குரல் வந்தது, ஏன் பனியில நிக்கிறீங்க, பிளேன்டி ஆறுது.

பால் இல்லாத தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே குந்தினார், யாரையும் பார்க்காமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார். என்னா அது பைக்குள்ள, புளி வாசம் அடிக்குது. நேசன் பையை எடுத்து வைத்தான், அவன் விரலுக்கு முடிச்சு அவிழவில்லை, அவரே அதைப் பிடுங்கி அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார், மென்றுகொண்டே இருந்தார், எங்கள் மூன்று பேரின் தேநீரும் கையிலேயே ஆறியது. வெந்தயத்தக் கருக்கிட்டா, என்றார் கடைசியில், எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன், செவந்ததும் எறக்கிடுடின்னு, இத்தன வருசம் கழிச்சும் கருக்கியே அனுப்பியிருக்கா பாரு. சொல்லிவிட்டு இன்னொரு பிடி எடுத்தார். நேசன் மெதுவாக, பெரியம்மா, கோவமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க என்றான். அவர் கை பைக்குள்ளேயே நின்றது. அப்பன் செத்ததக் கடைத்தெருவுல வச்சு ஊரான் சொல்லி நான் கேட்டேன்டா, கையில அரிசிப் பையோட நின்னேன், அழக்கூட ஒரு மூலை இல்ல. அம்மாவுக்கு எழுத வரல பெரியம்மா, எழுதி எழுதிக் கிழிச்சாங்களாம். கிழிச்சதையாச்சும் அனுப்பியிருக்கலாம்ல, என்றார் அவர், அப்போதுதான் அழுதார், மென்றுகொண்டே அழுதார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் விறகுக் கட்டைப் பார்த்தேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார், கோவந்தான், அப்படியேதான் இருக்கு, போய்ச் சொல்லு அவகிட்ட, வேணும்னா அவளே வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு எங்களைப் பார்த்து, இதுக என்ன, தின்னே மாசக் கணக்கு ஆன மாதிரி கெடக்குதுக, என்று மாவைப் பிசைந்தார், தேங்காய் ரொட்டி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது, தேங்காயும் மிளகாயும் இடித்த சம்பல் கண்ணில் தண்ணீர் வரவைத்தது, சாதிக் எத்தனை தின்றான் என்று எழுதினால் அவன் என்னை அடிப்பான். மறுநாள் கிளம்பும்போது அவலில் பாதியை ஒரு சட்டியில் கொட்டி வைத்துக்கொண்டு மீதியைக் கட்டினார், இத அவளே திங்கட்டும், எப்புடிக் கருக்கியிருக்கான்னு தெரியட்டும், என்றார். கூடவே ஒரு போத்தல் கித்துள் பாணி, பனைபோல ஒரு மரத்தின் பதநீரைக் காய்ச்சித் தேனாக்கியது, சின்ன வயசுல ரொட்டியில ஊத்திக் குடுத்தாத்தான் திம்பா, என்று சொல்லி, முந்தானையால் போத்தலைத் துடைத்து, நேராக என் கையில் கொடுத்தார், பொறுப்பான ஆள் என்று என் முகத்தில் எழுதியிருந்தது போல.

கொழும்பு விமான நிலைய வரிசையில் நின்றபோதுதான் நினைவு வந்தது. இரண்டு நாடு, ஒரே தவறு, ஒரே ஆள், போத்தலைக் கையில் எடுத்து நானே சாய்த்துப் பார்த்தேன், அது ஓடியது, தயங்காமல், அழகாக ஓடியது. மன்னிச்சுக்கடா என்று திரும்பினேன், நேசன் என்னைத் திட்டவில்லை, ஓரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அவல் பையின் முடிச்சை ஏற்கனவே அவிழ்த்துக்கொண்டிருந்தான். புளியில போய் இதையா என்று நான் இழுத்தேன். ஏன் ஆடிட்டரே, புளிக்காய்ச்சல்ல வெல்லம் போடறதில்லையா, என்றான் சாதிக், ஊத்துடா. நேசன் ஊற்றினான், பாணி கருந்தேனாக இறங்குகிறது, சாதிக் சட்டையை மடக்கத் தொடங்குகிறான், அதற்குள் முதலில் கையை உள்ளே விட்டவன் நான், இதில் தவறில்லை, நன்றாக நினைவிருக்கிறது, அவல் விரல்களில் ஒட்டுகிறது, அக்காவும் தங்கையும் என் உள்ளங்கையில் பிசைபடுகிறார்கள், யார் எது என்று பிரிக்க முடியாதபடி அது ஒரே உருண்டையாக இறுகும்வரை பிசைந்துகொண்டிருந்தேன். அங்கே சோதித்த அம்மா பையை மோந்து, சிங்களத்தில் ஏதோ பேசி, கித்துள் என்று சொல்லிச் சிரித்தார், எங்களுக்குப் புரிந்த ஒரே சொல். கை கழுவுவதற்கு முன் மூவரும் விரலை நக்கிப் பார்த்தோம், புளிப்பு, இனிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு, கருகின வெந்தயந்தான்.

நேசன் வந்து இறங்கியதும் அம்மாவிடம் போனில் பேசினான், பார்த்தேம்மா, சாப்பிட்டாங்க என்றான். கோவமா என்று கேட்டிருக்கிறார். நேர்ல வந்து சொல்றேன் என்று வைத்துவிட்டான். அந்தச் செய்தியைத் தனியாகச் சொல்ல அவனுக்குப் பயம், நீங்க ரெண்டு பேரும் வரணும்டா என்கிறான், கோவம் அப்படியே இருக்கு என்ற பாதியைச் சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டால் மற்றப் பாதியை யார் சொல்வது என்று கேட்கிறான், நான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், சரியாகச் சொல்வேனா தெரியவில்லை. நேசனின் விடுதியில் வைத்தால் காலியாகிவிடும் என்று அவல் ஒரு தூக்குவாளிக்கு மாறி என் அறையில் இருக்கிறது, மூடியைத் திறந்து பார்த்தேன், கெடவில்லை, சாய்த்தும் பார்த்தேன், ஓடவில்லை.

நாளை: ஊட்டி வழி கூடலூருக்கு முதல் பேருந்து. வாளி மடியில். நேசன் அம்மாவின் பாஸ்போர்ட்டுக்கு ஆதார், குடும்ப அட்டை நகல் வாங்கி வர வேண்டும். அவருக்கு டிக்கெட் பார்க்கும்போது பெரிய பையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.